விடோணும்னு நினைக்கிறேன், விட முடியறதில்லீங்க: வேண்டாத பழக்கங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், பல்லடம், சோமனூர், பெருந்துறை வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளிலும் தறிக்கூடங்களிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் பழக்கங்களைப் பற்றிப் பேசி வருகிறேன். பேச்சு முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்கப்படும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உளவியலும் பொருளாதாரமும் இந்த விஷயத்தில் கண்டுபிடித்தவை நம் மக்களுக்குத் தெரிந்தால் எத்தனையோ வீடுகளில் சண்டை குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழக்கம்னா என்னங்க? நாமளாத்தான செய்யறோம், வேண்டாம்னா நிறுத்திக்கலாமல்லங்க?

தொடங்கும்போது நாமாகத்தான் செய்கிறோம். ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் ஒன்றைச் செய்து அதில் சுகம் கிடைத்தால், அடுத்த முறை அதே இடமும் நேரமும் வரும்போது கை அதற்கே போகிறது. எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் கூண்டில் அடைத்த பூனைகளை வைத்து 1898இல் இதைக் காட்டினார். முதலில் கண்டபடி பிறாண்டிக்கொண்டிருந்த பூனை, எந்தச் செயலால் கதவு திறந்ததோ அதை மட்டும் வரவர வேகமாகச் செய்தது. பலமுறை நடந்த பிறகு சுகம் குறைந்தாலும் செயல் நிற்பதில்லை.

வென்டி வுட் என்ற உளவியலாளரின் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஒரு சோதனையில் சினிமாக் கொட்டகைக்கு வந்தவர்களுக்கு ஒரு வாரம் பழசான பாப்கார்னைக் கொடுத்தார்கள். நன்றாக இல்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே, படம் பார்க்கும்போது பாப்கார்ன் தின்று பழகியவர்கள் புதுசைத் தின்ற அளவுக்கே அதையும் தின்றார்கள். அதே பழக்கம் உள்ள வேறு சிலர் ஒரு கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தபோது அப்படித் தின்னவில்லை. கொட்டகையிலேயே, வழக்கமாகச் சாப்பிடாத கையால் எடுக்கச் சொன்னபோதும் பழசைத் தின்பது குறைந்துவிட்டது. ருசியைவிட இடமும் கையும் அவர்களை அதிகமாக நடத்தியிருக்கின்றன. ஷிப்ட் விட்டதும் கால் பேக்கரிப் பக்கம் திரும்புவதும், டீ கிளாஸைப் பிடித்த மறுகை சிகரெட்டைத் தேடுவதும் இந்த வகைதான்.

ஆகவே முதல் வேலை, விடுவது இல்லை; கவனிப்பது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யாரோடு, எதற்கு அடுத்து அது நடக்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துவையுங்கள். பின்னால் வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் வேண்டும்.

கெடுதல்னு நல்லாத் தெரியுதுங்க. தெரிஞ்சும் ஏனுங்க செய்யறோம்?

இதற்குப் பொருளாதாரம் தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது யாரையும் முட்டாள் என்று சொல்வதில்லை. பழக்கத்தின் சுகம் இப்போதே கிடைக்கிறது. கேடு என்றைக்கோ வருகிறது. தூரத்தில் இருப்பதை மனம் குறைத்து மதிப்பிடும். அதிலும் ஒரு வளைவு உண்டு: இரண்டுமே தூரத்தில் இருக்கும்வரை பெரியதையே தேர்ந்தெடுப்போம், சின்னது பக்கத்தில் வந்ததும் மனம் மாறிவிடும். ஜார்ஜ் எய்ன்ஸ்லி 1975இல் இதை விளக்கி எழுதினார். டேவிட் லைப்சன் 1997இல் இதைக் கணக்காக்கிப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தார்.

நம் ஊரில் இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். புதன்கிழமை ஒருவரிடம், "இந்த வாரம் ஐந்நூறு ரூபாய் சீட்டுக்குக் கட்டிவிடலாமா, குடிக்குச் செலவழிக்கலாமா?" என்று கேளுங்கள். தயங்காமல் சீட்டு என்பார், மனதாரத்தான் சொல்வார். சனிக்கிழமை சாயங்காலம் கவர் கைக்கு வந்து, சேக்காளிகள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு நிற்கும்போது அதே மனிதர் வேறு கணக்குப் போடுகிறார். புதன்கிழமை அவர் பொய் சொன்னார் என்று வீட்டில் சண்டை வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. புதன்கிழமை ஆளுக்கும் சனிக்கிழமை ஆளுக்கும் விருப்பம் வேறு. முடிவு எடுக்கும் உரிமையைப் புதன்கிழமை ஆள் கையிலேயே வைத்திருப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அதைப் பணயம் பற்றிய பதிலில் விரிவாகப் பார்க்கலாம்.

மனசுல உறுதி இல்லாததுதானுங்களே காரணம்? நெனச்சா முடியாதுங்களா?

இந்த ஒரு நம்பிக்கை செய்த கெடுதல் கொஞ்சமல்ல. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று 1971இல் அந்த அரசு பயந்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அந்தச் சிப்பாய்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் திரும்பிய முதல் ஆண்டுக்குள் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுதான். அத்தனை பேருக்கும் திடீரென்று மனஉறுதி முளைத்துவிடவில்லை. போரும் முகாமும் மலிவான ஹெராயினும் அங்கேயே நின்றுவிட்டன.

ஜெர்மனியில் 205 பேரிடம் நாள் முழுக்க அவ்வப்போது, இப்போது என்ன ஆசை வருகிறது என்று கேட்டுப் பதிந்தார்கள். 2012இல் வெளியான ஆய்வு. தன்னடக்கம் மிகுந்தவர்கள் ஆசையோடு நாள் முழுக்கப் போராடுவார்கள் என்றுதான் எவரும் நினைப்போம். அவர்களுக்குச் சபலத்தோடு மல்லுக்கட்டும் நேரமே மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அவர்கள் அந்தத் தெருவுக்கே போவதில்லை, அந்தப் பொருளை வீட்டில் வைப்பதில்லை. உறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வாரத்தில் ஒருமுறை, சூழலை மாற்றுவதற்குச் செலவழியுங்கள். தினமும் கடைவாசலில் நின்று செலவழித்தால் எவருக்கும் தீர்ந்துபோகும்.

21 நாள் செஞ்சா பழக்கமாயிரும்ங்கறாங்களே, நெசமுங்களா?

1960இல் அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் செய்யவில்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். இவை எல்லாம் தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, நடப்பது போன்ற புதுப் பழக்கங்களைச் சேர்த்த கணக்கு. பழையதை விடுவதற்கு இப்படி ஒரு நாள் கணக்கு கிடையாது.

என்ற பையன் எந்நேரமும் நகத்தைக் கடிக்கறானுங்க. அடிச்சும் பாத்தாச்சு.

அடிக்காதீர்கள். பதற்றம் கூடினால் நகக்கடியும் கூடும். 1973இல் நாதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் கண்டுபிடித்த முறை இன்றும் மருத்துவ உளவியலாளர்கள் கையாள்வது. விரல் வாய்க்குப் போகும் அந்தக் கணத்தைப் பையனே கவனிக்கப் பழக்குவது முதல் படி. அந்த நேரத்தில் கை வேறு ஒன்றைச் செய்ய வேண்டும்: விரலை மடக்கி ஓரிரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கலாம், பென்சிலைப் பற்றிக்கொள்ளலாம். அதைச் செய்யும்போது வீட்டார் பார்த்து, "நல்லா பண்ற கண்ணு" என்று சொல்வது மூன்றாவது படி. இடத்தைக் காலியாக விடாமல் வேறொன்றை நிரப்புவதால் இது வேலை செய்கிறது.

டீ ஒரு நாளைக்கு ஆறேழு ஆயிருதுங்க. சர்க்கரை வேற இருக்குது. எப்படிங்க விடறது?

மேலே நகத்துக்குச் சொன்னதே இங்கும். பெரும்பாலும் உங்களுக்குத் தேவைப்படுவது தறிச்சத்தத்திலிருந்து வெளியே வந்து நாலு பேரோடு நிற்கும் அந்தப் பத்து நிமிடம். அதை விடாதீர்கள். அதே நேரம், அதே ஆட்கள், கிளாஸில் மட்டும் சர்க்கரை போடாத டீயோ சுக்குத் தண்ணீரோ இருக்கட்டும். பேக்கரிக்காரரிடம் ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால் தினமும் தீர்மானிக்க வேண்டியதில்லை.

மாலை போட்டா ஒரு மண்டலம் தொடறதே இல்லீங்க. மாலையக் கழட்டுன அன்னிக்கே குடிச்சுப்போட்டு வாராரு. அப்ப விட முடியும்தானுங்க, ஏன் மறுபடி?

என்னிடம் வருவதில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதிலேதான் இருக்கிறது. சபரிமலைக்கோ பழனி பாதயாத்திரைக்கோ மாலை போட்டவரைப் பாருங்கள். விதி தெளிவானது: அளவாக, கொஞ்சமாக என்ற பேச்சுக்கே இடமில்லை. கழுத்தில் மாலையும் உடம்பில் வேட்டியும் இருப்பதால் ஊருக்கே தெரியும். எல்லோரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். விடியுமுன் குளியல், சாயங்காலம் பூஜை, பஜனை. பழைய சேக்காளிகளே, "சாமி மாலை போட்டிருக்குது" என்று விலகிக்கொள்கிறார்கள். நேரம், இடம், துணை, பெயர், மீறினால் வரும் வெட்கம் எல்லாமே ஒரே நாளில் மாறிவிடுகின்றன. பண்ணாரியிலோ உள்ளூர் மாரியம்மன் கோயிலிலோ குண்டம் இறங்கக் காப்புக் கட்டிக்கொண்டவர்களிடமும் இதைக் காணலாம். எந்தப் பல்கலைக்கழகத்தில் வகுத்த திட்டத்தைவிடவும் நம் முன்னோர் வகுத்த இந்த ஏற்பாடு முழுமையானது என்று எந்தக் கூட்டத்திலும் சொல்வேன்.

பிறகு ஏன் திரும்புகிறது? மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். ஒரு கூண்டில் கற்ற செயலை வேறொரு கூண்டில் மறக்கடித்துவிட்டு மறுபடி பழைய கூண்டில் விட்டால், மறந்தது திரும்பி வருகிறது. மறப்பது என்பது அழிப்பது அல்ல. "இந்த இடத்தில் வேண்டாம்" என்று புதிதாக ஒன்றைக் கற்பது. மடையை அடைத்தாலும் கிளைவாய்க்கால் மண்ணில் அப்படியே கிடக்கிறது. மடை திறந்ததும் தண்ணீர் அந்த வழியேதான் ஓடும். மாலை போட்டவர் கற்றது, மாலை கழுத்தில் இருக்கும்போது குடிப்பதில்லை என்பதை. மாலையைக் கழற்றினால் அந்தப் பாடம் பொருந்தும் இடம் போய்விடுகிறது. பழைய தெரு, பழைய நேரம், பழைய பெயர் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன.

அதனால் விரதம் வீண் என்று சொல்லிவிடாதீர்கள். கழற்றும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, எதெல்லாம் தொடரும் என்று முடிவு செய்யுங்கள். விடியற்காலைக் குளியல் தொடரலாம். வேலைவிட்டு வீட்டுக்கு வரும் வழியை மாற்றியது தொடரலாம். குருசாமியும் கூட வந்தவர்களும் சனிக்கிழமை சாயங்காலம், சரியாகச் சம்பள நேரத்தில், கோயிலில் கூடுவது தொடரலாம். கழற்றிய முதல் நாள் சாயங்காலம் ஆபத்தான நேரம். அன்று சொந்தக்காரர் வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுங்கள். கடுமையாகக் குடிப்பவர்கள் மாலை போடுமுன், ஒரேடியாக நிறுத்துவது பற்றிக் கீழே எழுதியிருப்பதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆடிப்பெருக்கு, தை ஒண்ணுன்னு நல்ல நாள் பாத்துத் தொடங்கலாமுங்களா?

தொடங்கலாம். வாரத்தின் முதல் நாள், ஆண்டின் முதல் நாள், பிறந்த நாள் போன்ற நாள்களை ஒட்டி மக்கள் புது முயற்சியில் இறங்குவது கூடுகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைவிட வலுவான வாய்ப்பு வீடு மாறுவது, கம்பெனி மாறுவது, ஷிப்ட் மாறுவது. முதல் பதிலில் சொன்ன இடமும் நேரமும் அப்போது தாமாகவே உடைந்துபோகின்றன. நல்ல நாள் இரண்டு மாதம் தள்ளி இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

ராத்திரி படுத்தா ரீல்ஸ் பாத்துட்டே மணி ஒண்ணாயிருதுங்க. நல்லாக்கூட இருக்கறதில்லீங்க, ஆனாலும் தள்ளீட்டே இருக்கறேன்.

நல்லாக்கூட இருப்பதில்லை என்றீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றும் நன்றாக இருந்தால் சீக்கிரம் அலுத்துவிடும். ஒன்றுமே நன்றாக இல்லாவிட்டால் போனை வைத்துவிடுவீர்கள். எப்போது நல்லது வரும் என்று தெரியாமல் இடையிடையே வந்தால் விடவே முடியாது. பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களுக்கு ஒழுங்கில்லாத இடைவெளியில் தீனி கொடுத்தபோது, அவை சலிக்காமல் கொத்திக்கொண்டே இருந்தன. தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தின.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது இடையில் ஒரு சிரமத்தை வைப்பது. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து ஹாலில் மாட்டுங்கள், எழுப்புவதற்கு நூறு இருநூறு ரூபாயில் ஒரு அலாரக் கடிகாரம் வாங்குங்கள். செயலியை நீக்கிவிட்டு, வேண்டும்போது பிரவுசர் வழியாகக் கடவுச்சொல் அடித்துப் போங்கள். சின்னச் சிரமம்தானே என்று தோன்றும். படுத்தபடியே கைக்கு எட்டுவதும் எழுந்து நடந்துபோய் எடுப்பதும் இரவு 11 மணிக்கு ஒன்றல்ல. பிள்ளைகளிடம் போனை வாங்கி வைக்கும் பெற்றோர் தங்கள் போனையும் அதே ஹாலில் வைத்தால்தான் அது வீட்டு விதியாகும்.

ரம்மியில விட்டதைப் புடிச்சுப்போட்டு நிறுத்திக்கலாம்னு இருக்கறேனுங்க. ஒரு தடவ மட்டும்.

அண்ணா, அந்த "ஒரு தடவ" வராது. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதியது உங்கள் நிலையைத்தான். நூறு ரூபாய் இழந்த வலி, நூறு ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கிறது. இழப்பில் நிற்கிற மனிதர், சாதாரண நேரத்தில் தொடவே தொடாத பெரிய ஆபத்தைத் துணிந்து எடுப்பார், ஏனென்றால் பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் வலி தீரும் என்று மனம் சொல்கிறது. போன பணம் போனதுதான். அடுத்த ஆட்டத்துக்கு அது தெரியாது. அடுத்த ஆட்டத்தைத் தனியாக எடுத்து, இன்று முதன்முதலாகப் பார்ப்பவராக இருந்தால் இதில் கடன் வாங்கிய பணத்தைப் போடுவேனா என்று கேளுங்கள்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனாலும் வேறு வழியில் இழுப்பவை வந்துகொண்டே இருக்கும், ஆகவே கதவை நீங்களே அடைக்க வேண்டும். யுபிஐ செலவு வரம்பைக் குறைத்து வையுங்கள். சம்பளக் கணக்கை வீட்டில் நம்பிக்கையான ஒருவர் பார்வையில் வையுங்கள். கடன் மொத்தம் எவ்வளவு என்பதை ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லிவிடுங்கள். மறைக்கும்வரை அதை ஆட்டத்தில்தான் அடைக்க முடியும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசுச் சேவை அது, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பணயம் வெச்சா விட முடியும்ங்கறாங்களே? காசுக்காக விட்டா அது விட்டதாகுமுங்களா?

முன்பு சொன்ன புதன்கிழமை ஆள், சனிக்கிழமை ஆளுடைய கையை முன்கூட்டியே கட்டிவைக்கும் வழி இது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி புகைப்பவர்களுக்கு ஒரு கணக்கைத் திறந்தது. ஆறு மாதம் உங்கள் சொந்தப் பணத்தைப் போடுங்கள். கடைசியில் சிறுநீர்ச் சோதனையில் நிகோட்டின் இல்லாவிட்டால் பணம் முழுதும் திரும்ப உங்களுக்கு, இருந்தால் தர்மத்துக்கு. 2010இல் முடிவுகள் வந்தன. கேட்கப்பட்டவர்களில் 11 சதவீதம் பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். அப்படியிருந்தும், வாய்ப்புத் தரப்பட்டவர்களை மொத்தமாக எடுத்தால், தரப்படாதவர்களைவிட நூற்றுக்கு 3 பேர் கூடுதலாகச் சோதனையில் தேறினார்கள். பணமெல்லாம் பட்டுவாடா ஆன பின், ஓராண்டு முடிவில் சொல்லாமல் செய்த சோதனையிலும் அந்த வேறுபாடு நின்றது. காசுக்காக விட்டது காசோடு போகவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது சென்னையில் நடந்தது. பிராங்க் ஷில்பாக் என்ற பொருளாதார ஆய்வாளர் 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களோடு மூன்று வாரம் செய்த ஆய்வு, 2019இல் வெளியானது. குடிக்காமல் வந்தால் ஒரு பகுதியினருக்குக் கூடுதல் பணம். பகலில் குடிப்பது குறைந்தது. அவர்களுடைய சேமிப்பு 50 சதவீதம் அளவு உயர்ந்தது. குடிக்காத செலவு மிச்சமானதால் மட்டும் அவ்வளவு உயரவில்லை; தெளிந்த தலையோடு எடுத்த முடிவுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. கணிசமானோர், நிபந்தனை இல்லாமல் வரும் பணத்தைவிட "குடிக்காவிட்டால்தான் கொடு" என்ற ஏற்பாட்டையே தாங்களாகக் கேட்டார்கள். குடிப்பவர் விட விரும்பவில்லை என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அவர்கள் உதவி கேட்கிறார்கள். நாம் புத்திமதி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரில் இதற்குத் தனி வங்கி வேண்டாம், ஏலச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் இருக்கின்றன. சம்பளம் வந்ததும் சீட்டுக்குப் போகும்படி புதன்கிழமையே ஏற்பாடு செய்துவிடுங்கள். தவறினால் தண்டம் கட்டுகிறேன் என்று நீங்கள் மதிக்கும் ஒருவரிடம் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். ஒரு எச்சரிக்கை: தொகை வலிக்கவும் வேண்டும், வீட்டு அடுப்பை அணைக்கவும் கூடாது. சொந்தப் பணத்தைப் பணயம் வைக்கப் பெரும்பாலோர் வரமாட்டார்கள். அமெரிக்காவில் 2015இல் வெளியான ஆய்வில் பரிசு மட்டும் என்றபோது 90 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள், முன்பணம் கட்ட வேண்டும் என்றபோது 13.7 சதவீதம் பேர்தான். தொழிலாளர்களுக்காகத் திட்டம் போடும் முதலாளிகள் பிடித்தம் பற்றிப் பேசாமல் பரிசு பற்றிப் பேசுங்கள்.

வெலைய ஏத்திப்போட்டா எல்லாரும் விட்டுருவாங்களா?

எல்லோரும் விடமாட்டார்கள், குறையும். வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் சிகரெட் விலை 10 சதவீதம் ஏறினால் புகைப்பது 5 சதவீதம் அளவு குறையும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. கேரி பெக்கரும் கெவின் மர்ஃபியும் 1988இல், அடிமைப்பட்டவரும் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டே நடக்கிறார் என்றார்கள். முழுக்க அப்படி என்று நான் ஏற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அதற்குச் சாட்சி. வரி கூடியபோது புகைக்கும் இயல்புள்ளவர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள் என்று அமெரிக்க, கனடாத் தரவுகளில் 2005இல் கண்டறிந்தார்கள். விடவேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு விலையே கைகொடுத்திருக்கிறது.

விலை என்பது ரூபாய் மட்டுமில்லை, நடையும் விலைதான். பாக்கெட்டாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்தால் அடுத்த சிகரெட்டுக்கு விலை ஒரு தீக்குச்சி. வேண்டும்போதெல்லாம் கடைக்கு நடக்க வேண்டும் என்றால் பாதி ஆசை வழியிலேயே அடங்கும்.

கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கறதா, ஒரேடியா விடறதுங்களா?

சிகரெட் என்றால் ஒரு நாளைக் குறித்து ஒரேடியாக விடுவது நல்லது. இங்கிலாந்தில் 697 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் கழித்து ஒரேடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேரும் படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதம் பேரும் புகைக்காமல் இருந்தார்கள். இரு சாராருக்கும் நிகோட்டின் மருந்தும் ஆலோசனையும் கிடைத்தன. அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-112-356, இலவசம்.

மது வேறு. பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடிப்பவர், காலையில் கை நடுங்கிக் குடித்தால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், மருத்துவர் இல்லாமல் ஒரேடியாக நிறுத்தக் கூடாது. நிறுத்திய ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் வியர்த்து நடுங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, நினைவு தப்பலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. சாமி குத்தம் என்றோ பேய் என்றோ நாள் கடத்திவிடாதீர்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போங்கள். மாத்திரை கொடுத்து, படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டால் சில நாள்களில் தாண்டிவிடலாம். மாலை போடுவதாக இருந்தாலும் முதலில் மருத்துவர், பிறகு மாலை.

மூணு மாசம் இருந்துபோட்டு ஒரு கல்யாணத்துல கொஞ்சம் குடிச்சுட்டனுங்க. எல்லாம் போச்சுங்களா?

போகவில்லை. ஆலன் மார்லட் கண்டறிந்தது இது: ஒரு சறுக்கலைவிட, அதற்கு அடுத்து மனம் சொல்லும் "நான் இவ்வளவுதான், இனி எதற்கு" என்ற பேச்சுதான் ஆளைப் பழைய நிலைக்குத் தள்ளுகிறது. மூன்று மாதம் இருந்தது கணக்கிலிருந்து அழியாது. லாலியின் ஆய்வில் ஒரு நாள் தவறியது என்ன செய்தது என்பதை மேலே பாருங்கள். அன்று யார் கூட இருந்தார்கள், என்ன நேரம் என்று அந்தக் காகிதத்தில் எழுதுங்கள். அடுத்த கல்யாணத்துக்குப் பந்தி முடிந்ததும் கிளம்பும் ஏற்பாட்டோடு போங்கள்.

சேக்காளிங்க கூப்படறப்ப மாட்டேன்னு சொல்ல முடியறதில்லீங்க.

என்ன சொல்வதென்று அந்த நேரத்தில் யோசித்தால் வராது. பீட்டர் கோல்விட்சர் காட்டிய எளிய முறை: "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்பே சொல்லாக அமைத்துக்கொள்வது. "மாப்ள வண்டியை நிறுத்தினால், டாக்டர் மருந்து ஓடுது, குடிக்கக் கூடாதுன்னிருக்காருன்னு சொல்லி நடையைக் கட்டுவேன்." நான்கு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தக் குழுவில் இன்னொருவரும் விட நினைப்பவராகத்தான் இருப்பார், அவரைத் தனியாகப் பிடியுங்கள். கணவன் மனைவியரில் ஒருவர் சிகரெட்டை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது என்று 2008இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. விடுவதும் தொற்றும்.

நான் சொன்னா கேக்கவே மாட்டீங்கறாருங்க எங்கூட்டுக்காரரு. அவரே விடோணும்னு நெனைக்காம நா என்னங்க பண்றது?

அம்மிணி, நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. குடிப்பவரை விட்டுவிட்டு வீட்டாருக்கு மட்டும் பயிற்சி கொடுக்கும் ஒரு முறையை ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கினார். சிகிச்சைக்கே வரமாட்டேன் என்றவர்களின் குடும்பங்களை வைத்து 1999இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்தப் பயிற்சி பெற்ற வீடுகளில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். வீட்டார் எல்லோரும் ஒன்றாகச் சூழ்ந்து உட்கார்ந்து கண்டித்துப் பேசும் முறையில் 30 சதவீதம்தான்.

அதில் சொல்லிக்கொடுப்பது கடினமான எதுவும் இல்லை. குடிக்காமல் வந்த சாயங்காலம் அவருக்கு நன்றாக இருக்க வேண்டும்: பிடித்த சாப்பாடு, பிள்ளைகளோடு பேச்சு, முகம் கொடுத்து ஒரு வார்த்தை. பெரும்பாலான வீடுகளில் தலைகீழாக நடக்கிறது. குடித்து வந்தால் வீடே அவரைச் சுற்றி நிற்கிறது, குடிக்காமல் வந்தால் பழைய கணக்குகளை எல்லாம் அன்றுதான் எடுக்கிறோம். குடித்துவிட்டு வந்த இரவில் வாதாடாதீர்கள், காதில் விழாது. அவர் கொட்டியதைத் துடைப்பது, கம்பெனிக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்வது, குடிக்கடனை அடைப்பது ஆகியவற்றை நிறுத்துங்கள். பலன் அவர் கையிலேயே இருக்கட்டும். சிகிச்சை பற்றிய பேச்சைத் தெளிந்திருக்கும் காலையில், அவரே வருந்தும் ஒரு நேரத்தில் எடுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, யார் கூட வருவது என்பதையெல்லாம் அதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். "சரி, போலாம்" என்று அவர் சொல்லும் கணம் சீக்கிரம் கடந்துவிடும். 14446 என்ற போதைமீட்பு உதவி எண்ணில் நீங்களும் பேசலாம், குடிப்பவரே பேச வேண்டும் என்றில்லை.

அவர் கை நீட்டுபவராக இருந்தால் இந்த முறை எதையும் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். அப்போது முதல் வேலை நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருப்பது. பெண்களுக்கான உதவி எண் 181, எந்நேரமும் எடுப்பார்கள்.